யாரும் அமராத ஆசனம்

எங்கள் உம்மும்மா மௌத்தாகி மூன்று வருடங்களாகின்றன. சமையலறையில் அவர் குந்தியிருந்து தேங்காய் துருவிய பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்து வீச உம்மாவுக்கு மனமில்லை. வேறு யாரும் அதில் குந்துவதையும் அவர் விரும்புவதில்லை. கூட்டித் துடைத்த பின் மீண்டும் சுவரோடு சாய்த்து வைத்துவிடுவார். ஒரு பலகைத் துண்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். உம்மா பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலை நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், மேற்கு ஆபிரிக்காவின் வரலாற்றில் கண்டேன். ஓர் ஆசனத்தை அந்நியர் கையில் சேரவிடாமல் காப்பதற்காக அறுபது வயதளவில் போருக்குத் தலைமை தாங்கி, அதற்காகவே தாய்நாட்டை இழந்து, கடல் நடுவே ஒரு தீவில் உயிர் நீத்த ஒரு பெண்மணியின் வரலாறு அது. அவர் பெயர் யா அசாந்தேவா. இன்றைய கானா நாட்டில் அவரது பெயரை அறியாத பிள்ளைகள் இல்லை எனலாம். எமது பாடநூல்களில் அவருக்கு இடமில்லாததால் இச்சஞ்சிகையின் வாயிலாக அவரை அறிமுகப்படுத்த விரும்பினேன்.

கானாவின் நடுப்பகுதியில், குமாசியைத் தலைநகராகக் கொண்டு விளங்கியது அசாந்தி இராச்சியம். அக்கான் மொழி பேசும் பல சிறு அரசுகளை 1701ஆம் ஆண்டளவில் ஒன்றிணைத்தவர் மன்னர் ஒசெய் டூட்டு. அவருக்குத் துணைநின்றவர் ஒக்கொம்ஃபோ அனோச்சே என்ற மதகுரு. அனோச்சேயின் வேண்டுதலால் வானத்திலிருந்து ஒரு பொன்னாசனம் இறங்கி வந்து மன்னரின் மடியில் அமர்ந்தது என்பது அம்மக்களின் ஐதீகம். அது இறங்கிய நாள் வெள்ளிக்கிழமையாம். அக்கான் மக்கள் பிறந்த கிழமையைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பெயரிடுவர். வெள்ளியில் பிறந்த ஆண்பிள்ளை கோஃபி. எனவே அந்த ஆசனத்துக்கும் சிக்கா துவா கோஃபி, அதாவது வெள்ளிக்கிழமை பிறந்த பொன்னாசனம் என்று பெயரிட்டார்கள். வியாழனில் பிறந்த பெண்பிள்ளை யா. நமது கதாநாயகியின் பெயரின் முற்பகுதி அவர் பிறந்த கிழமையையே சொல்கிறது.

ஆசனம் என்றதும் நாம் உயர்ந்த சிம்மாசனத்தை எண்ணிவிடக் கூடாது. சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத, நடுவே வளைந்த, ஒன்றரை அடி உயரமளவிலான ஒரு சிறிய இருக்கை அது. அதில் யாரும் அமர்வதில்லை. மன்னர்கூட அமர்வதில்லை. முடிசூட்டும்போது புதிய மன்னரைத் தூக்கி, ஆசனத்தின் மீது உடல் படாதவாறு தாழ்த்தி உயர்த்துவார்கள். அவ்வளவுதான். அது வெறுந்தரையில் வைக்கப்படுவதுமில்லை. அதற்கென்றே தனிக் கதிரை உண்டு. அசாந்தி மக்கள் அனைவரதும், இறந்தவர், இருப்பவர், இனிப் பிறக்கப்போகிறவர் எல்லோரதும் ஆன்மா அதில் உறைவதாக அவர்கள் நம்பினார்கள். மன்னர் போனால் இன்னொரு மன்னர் வருவார். ஆசனம் போனால் இனமே அழிந்துவிடும் என்பது அவர்களது நம்பிக்கையாகும்.

சாதாரண மனிதரின் இருக்கைக்கும் அங்கே ஒரு மரியாதை இருந்தது. ஒருவர் எழுந்து சென்றதும் அவரது ஆசனத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பார்களாம். இதை வாசித்தபோது எங்கள் சமையலறைச் சுவரோடு சாய்ந்திருக்கும் பலகைதான் என் நினைவுக்கு வந்தது.

யா அசாந்தேவா 1840ஆம் ஆண்டளவில், குமாசிக்கு அண்மையிலுள்ள எஜிசு பிரதேசத்தின் பெசெயாசே என்ற ஊரில் பிறந்தார். அவர் ஒரு விவசாயி. மண்ணைக் கொத்திப் பயிர் வளர்த்தவர். அவரது சகோதரர் எஜிசுவின் தலைவரானபோது யா அசாந்தேவாவை அப்பிரதேசத்தின் அரசத்தாயாக நியமித்தார். அரசத்தாய் என்பவர் தலைவரைப் பெற்ற தாயாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, சகோதரியாகவும் இருக்கலாம். அசாந்தி மக்களிடையே வம்சமும் உரிமையும் தாய்வழியாகவே வருகின்றன. ஆகவே அடுத்த தலைவராக யார் வரலாம் என்று பெயர் முன்மொழியும் உரிமை அரசத்தாய்க்கே உரியது. சபையில் அவருக்கெனத் தனி ஆசனமும் உண்டு. தாய்வழிக் குடிமுறையை இன்றும் பேணிவரும் எமது கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு இது விளங்கிக்கொள்ளக் கடினமானதொன்றல்ல.

அவரது வாழ்நாளில் அசாந்தி நாடு அடிமேல் அடி வாங்கியது. கரையோரத்தில் வேரூன்றிய பிரித்தானியர் 1874ஆம் ஆண்டு கார்னட் வூல்ஸ்லி என்ற தளபதியின் தலைமையில் குமாசிக்குள் புகுந்தனர். அரண்மனையில் அகப்பட்ட பொன் ஆபரணங்களை அள்ளிக்கொண்டு அதை வெடிவைத்துத் தகர்த்தனர், நகருக்குத் தீயிட்டனர். போர்ச்செலவுக்காக 50,000 அவுன்ஸ் பொன் தண்டமாக விதிக்கப்பட்டது. அள்ளிச் சென்ற பொருட்களுள் பல இலண்டனில் ஏலம் போயின.

இந்த வூல்ஸ்லியின் பெயரைக் கண்டதும் நான் ஒருகணம் நின்றுவிட்டேன். எட்டு ஆண்டுகளின் பின்னர், 1882இல் எகிப்தின் தெல் அல் கபீர் போரில் அஹ்மத் ஒராபி பாஷாவைத் தோற்கடித்தவரும் இவரே. அத்தோல்வியின் பின் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா, இங்கிருந்த காலத்தில் முஸ்லிம்களின் கல்வி எழுச்சிக்குத் தூண்டுகோலாக இருந்ததையும், 1892இல் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி உருவாக ஊக்கமளித்ததையும் நாம் அறிவோம். குமாசியை எரித்த அதே கைதான் ஒராபி பாஷாவை எம்மிடம் அனுப்பி வைத்தது. தூரத்து நாடொன்றின் கதையென்று நான் வாசிக்கத் தொடங்கிய வரலாறு அந்த இடத்தில் எனக்கு அண்டை வீட்டுக் கதையாகிவிட்டது.

1874இன் தோல்விக்குப் பின் அசாந்தி தன்னுள்ளேயே பிளவுபட்டு, 1883 முதல் 1888 வரை உள்நாட்டுப் போரில் சிக்கியது. அதன் முடிவில் பிரெம்பே என்ற இளைஞர் மன்னரானார். 1896 ஜனவரியில் பிரித்தானியப் படை மீண்டும் குமாசிக்கு வந்தது. பிற்காலத்தில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபுவும் அப்படையில் ஓர் அதிகாரி. போரிட்டால் நாடு அழியுமென அஞ்சிய மன்னர் எதிர்ப்புக் காட்டவில்லை. அவரும் அவரது தாயாரும் எல்லோர் முன்னிலையிலும் தேசாதிபதியின் காலடியில் பணிய வைக்கப்பட்டார்கள். அதன் பின்னரும் அவர்கள் விடப்படவில்லை. மன்னர், தாய், தந்தை, தலைவர்கள் பலர் எனக் கைதுசெய்யப்பட்டு முதலில் சியரா லியோனுக்கும், 1900இல் இந்து சமுத்திரத்திலுள்ள சீஷெல்ஸ் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டவர்களுள் அப்போது எஜிசுவின் தலைவராயிருந்த யா அசாந்தேவாவின் பேரனும் ஒருவர். தலைவரை இழந்த எஜிசுவின் நிருவாகம் பாட்டியின் தோளில் விழுந்தது.

மன்னர் போய்விட்டார். ஆனால் பொன்னாசனம் போகவில்லை. அது இரகசியமாக மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மன்னரைப் பிடித்தும் அசாந்தியைப் பிடிக்க முடியவில்லையே என்ற எண்ணம் ஆட்சியாளரை உறுத்தியிருக்க வேண்டும்.

1900 மார்ச் 28ஆம் திகதி தேசாதிபதி ஃபிரெடெரிக் ஹொட்ஜ்சன் குமாசிக் கோட்டையில் தலைவர்களைக் கூட்டினார். மன்னர் பிரெம்பே இனித் திரும்பி வரமாட்டார் என்றார். பழைய போர்த்தண்டத்துக்கு வட்டி கட்ட வேண்டும் என்றார். இறுதியாக, பொன்னாசனம் எங்கே, மகாராணியின் பிரதிநிதியான தான் அமர்வதற்கு அதை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். தமது மன்னர்கள்கூட அமராத ஆசனத்தில் ஓர் அந்நியர் அமரக் கேட்டதைத் தலைவர்கள் மௌனமாகக் கேட்டுக்கொண்டு கலைந்து சென்றார்கள். அந்த மௌனத்தைத் தேசாதிபதி பணிவு என்று எண்ணிவிட்டார் போலும். ஆசனத்தைத் தேடிச் சிப்பாய்களையும் அனுப்பினார்.

அன்றிரவு தலைவர்கள் கூடிப் பேசினார்கள். சிலர் போர் என்றார்கள். சிலர் தயங்கினார்கள். தயங்கியவர்களைக் கோழைகள் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நகர் எரிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். மன்னர் உயிரோடு திரும்புவாரா என்ற பயமும் இருந்தது. அச்சபையில் எழுந்து பேசியவர் யா அசாந்தேவா. முன்னோர் காலத்தில் இப்படியொரு வார்த்தையைக் கேட்டுவிட்டு அசாந்தித் தலைவர்கள் வாளாவிருந்திருப்பார்களா என்று அவர் கேட்டார். ஆண்கள் முன்வராவிட்டால் பெண்களைத் திரட்டிக்கொண்டு தாமே களம் இறங்குவதாக அறிவித்தார். தலைவர்கள் அவரையே போரின் தலைவியாக ஏற்றுக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது அறுபதளவில் இருக்கும்.

வகுப்பறையில் தெரிந்த விடையைச் சொல்வதற்கே எழுந்து நிற்கத் தயங்குபவள் நான். அந்த இரவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், எழுந்து நிற்பதற்கு முன்னிருந்த அந்தச் சில நிமிடங்களில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்றே யோசிப்பேன். அவர் இழக்கக்கூடியவை நிறைய இருந்தன. பேரன் ஆங்கிலேயரின் கையில் இருந்தான்.

ஏப்ரல் மாதம் போர் மூண்டது. அசாந்திப் படைகள் குமாசிக் கோட்டையை முற்றுகையிட்டன. பாதைகளை மறித்துப் பெரிய மரங்களாலான தடுப்பரண்களை அமைத்தார்கள். தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். கோட்டைக்குள் உணவு தீர்ந்தது, நோய் பரவியது. ஜூன் 23ஆம் திகதி தேசாதிபதியும் அவரது மனைவியும் ஒரு படைப்பிரிவுடன் முற்றுகையை உடைத்துக்கொண்டு கரையோரத்துக்குத் தப்பினார்கள். ஆசனத்தில் அமர வந்தவர் குமாசியில் இருக்கவே முடியாமற் போயிற்று. ஆயினும் ஜூலை 15ஆம் திகதி கேணல் ஜேம்ஸ் வில்கொக்ஸின் படை கோட்டையை மீட்டது. பீரங்கிகளின் முன் மரத் தடுப்பரண்கள் நிலைக்கவில்லை. செப்டெம்பர் இறுதியில் நடந்த சண்டையோடு எதிர்ப்பு ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. ஊர்கள் எரிக்கப்பட்டன. தலைவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். யா அசாந்தேவாவும் பிடிபட்டார்.

இக்கட்டுரையை எழுதுவதாகச் சொன்னபோது என் தோழி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு பொருளில் ஆன்மா உறைவதாக நம்புவது எமது ஈமானுக்கு உடன்பாடானதல்லவே, அப்படியிருக்க முஸ்லிம் கல்லூரிச் சஞ்சிகையில் இதைப் புகழ்ந்து எழுதலாமா என்பதே அது. நியாயமான கேள்விதான். இரண்டு நாட்கள் பேனையைத் தொடாமல் அதையே யோசித்தேன்.

வரலாறும் இவ்விடயத்தில் எனக்கு எளிதான பதிலைத் தரவில்லை. அசாந்தி மன்னர்களின் அரசவையில் முஸ்லிம் ஆலிம்களும் எழுத்தர்களும் இருந்திருக்கிறார்கள். அசாந்திப் போர்வீரர் அணிந்த மேலங்கிகளில் முஸ்லிம்கள் எழுதிக் கொடுத்த தாயத்துக்கள் தைக்கப்பட்டிருந்தன. மறுபக்கம், கோட்டையைக் காத்த பிரித்தானியப் படையினரில் பெரும்பாலோர் ஆபிரிக்கர்கள். அவர்களில் கணிசமானோர் ஹவுசா இன முஸ்லிம்கள். ஆகவே இது எமது பக்கம், அது அவர்கள் பக்கம் என்று கோடு கிழிக்க முடியாது. அசாந்தியும் குற்றமற்ற இராச்சியமல்ல. அயல் நாடுகளை வென்று திறை வாங்கியது. அடிமை வியாபாரத்திலும் ஈடுபட்டது. 1818இல் கியாமன் நாட்டு அரசன் தனக்கென ஒரு பொன்னாசனம் செய்துகொண்டதற்காக அவன்மீது படையெடுத்து, அதை உருக்கியது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின் நான் வந்த முடிவு இதுதான். அந்த ஆசனத்தில் ஆன்மா உறைகிறதென நான் நம்பவில்லை. தேசாதிபதி ஹொட்ஜ்சனும் நம்பவில்லை. ஆனால் நம்பாதிருப்பது வேறு, நம்புகிறவர் முன்னால் அதன்மீது அமரக் கேட்பது வேறு. பிறர் புனிதமெனப் போற்றுவதை இழிவுபடுத்தக் கூடாது என்பது எமது மார்க்கம் எமக்குக் கற்றுத்தந்த ஒழுக்கமாகும். எமது பள்ளிவாசல்களையும் ஸியாரங்களையும் ஏட்டுப் பிரதிகளையும் பிறர் எப்படி நடத்த வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அதே அளவுகோலைத்தான் பிறர் விடயத்திலும் பயன்படுத்த வேண்டும். யா அசாந்தேவா எழுந்து நின்றது தன் மக்களின் மானத்துக்காக. அதை மதிப்பதற்கு அவரது நம்பிக்கையை நான் ஏற்க வேண்டியதில்லை. என் பதிலைக் கேட்ட தோழி, அப்படியானால் இதையும் சேர்த்தே எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

1901இல் யா அசாந்தேவா சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஒராபி பாஷா இலங்கையை விட்டு எகிப்துக்குத் திரும்பியதும் அதே ஆண்டில்தான். இந்து சமுத்திரத் தீவொன்றிலிருந்து ஒருவர் வீடு திரும்ப, இன்னொருவர் அதே சமுத்திரத்தின் மற்றொரு தீவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே மன்னர் பிரெம்பேயும் அவருடன் கொண்டுவரப்பட்டோரும் இருந்தார்கள். 1902 ஜனவரி முதலாம் திகதி அசாந்தி நாடு முறைப்படி பிரித்தானிய முடியாட்சியுடன் இணைக்கப்பட்டது. மன்னர் தீவில் ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்று, தம் முன்னோரின் வரலாற்றை எழுதுவித்தார். யா அசாந்தேவா சுமார் இருபது ஆண்டுகள் அத்தீவில் வாழ்ந்து, 1921 ஒக்டோபர் 17ஆம் திகதி அங்கேயே காலமானார். தாம் உழுத மண்ணை அவர் மீண்டும் காணவில்லை.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? போரில் தோற்றார் என்பது உண்மை. ஆனால் பொன்னாசனம் பிரித்தானியர் கையில் கிடைக்கவேயில்லை. அது மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. 1920களின் தொடக்கத்தில் பாதை அமைக்கும் வேலையின்போது தற்செயலாக மறைவிடம் வெளிப்பட்டு, சிலர் அதன் பொன் அலங்காரங்களைக் கழற்றி எடுத்தார்கள். இதையறிந்த அசாந்தி மக்கள் துக்கத்தில் ஆழ்ந்தார்கள். குற்றவாளிகளுக்கு அவர்களது தலைவர்கள் மரண தண்டனை விதித்தார்கள். அரசாங்கம் அதை நாடுகடத்தலாக மாற்றியது. அந்த வேளையில் ராட்ரே என்ற மானிடவியலாளர் ஆசனத்தின் உண்மையான பொருளை அரசாங்கத்துக்கு எடுத்து விளக்கினார். இனி அதில் தலையிடப் போவதில்லை என்று அரசாங்கம் உறுதியளித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் எத்தனையோ உயிர்களைக் குடித்த விடயம், ஒருவர் பொறுமையாகக் கேட்டறிந்ததும் ஒரு வாக்குறுதியில் முடிந்தது. இதையே ஹொட்ஜ்சனும் கேட்டறிந்திருக்கலாமே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மன்னர் பிரெம்பே 1924இல் நாடு திரும்பினார். தீவில் மரணித்தோரின் எச்சங்கள் தாய்மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட ஏற்பாடு செய்தவரும் அவரே. அவ்வாறு யா அசாந்தேவாவும் ஊர் திரும்பினார். 1935இல் அசாந்தி அரசு மீள நிறுவப்பட்டு, இரண்டாம் பிரெம்பே பொன்னாசனத்தின் முன்னிலையில் பதவியேற்றார். 1957 மார்ச் 6ஆம் திகதி கானா சுதந்திரமடைந்தது. 1960இல் குமாசியில் ஒரு பெண்கள் பாடசாலை நிறுவப்பட்டு, அதற்கு யா அசாந்தேவாவின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே இன்று என் வயதுப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களது சஞ்சிகையிலும் அவரைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. 1874இல் அள்ளிச் செல்லப்பட்டவை உட்பட 32 பொருட்கள் 2024ஆம் ஆண்டு இலண்டனின் இரண்டு நூதனசாலைகளிலிருந்து குமாசியின் மன்ஹியா அரண்மனை நூதனசாலைக்கு வந்தன. ஆனால் அவை வந்தது கடனாக. தமது பொருட்களை இரவல் வாங்கித்தான் அம்மக்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டில் அமெரிக்க நூதனசாலை ஒன்று தன்னிடமிருந்த ஏழு பொருட்களை நிரந்தரமாகவே திருப்பிக் கொடுத்தது. எஜிசு பிரதேசத்தில் 2000ஆம் ஆண்டு யா அசாந்தேவாவின் நினைவாக ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. 2004இல் அது தீக்கிரையாகி, அவர் பாவித்த பொருட்கள் பல எரிந்து போயின. தேசத்தின் ஆசனத்தைக் காத்தவரின் சொந்தப் பொருட்களைக் காக்க எவராலும் முடியவில்லை. பகைவர் மட்டுமல்ல, கவனக்குறைவும் கறையானும் நெருப்பும் கூட ஒரு சமூகத்தின் நினைவைக் கொள்ளையிடும்.

இதை வாசிக்கும் பெற்றோரிடமும் சகோதரிகளிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எமது வீடுகளிலும் பழைய அரபுத் தமிழ் கிதாபுகள், மூதாதையர் கையெழுத்துக்கள், உம்மும்மாக்கள் இழைத்த பன்பாய்கள் கிடக்கின்றன. பெருநாளுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றை எடுத்து வீசுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். யாருடையது, எப்போதையது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதற்குப் போரும் தேவையில்லை, பொன்னும் தேவையில்லை.

இக்கட்டுரையை முடித்த அன்று மாலை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய் உம்மும்மாவின் பலகையை எடுத்து வந்தார். அதன் அடியில் ஒரு மூலை உழுத்திருந்தது. நாளைக்கு வாப்பாவிடம் சொல்லித் தச்சரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும் என்றார். பலகைத் துண்டில் என்ன இருக்கிறது என்று நான் மறுபடியும் கேட்கவில்லை.